அந்தப் பக்கத்து ராஜகுமாரன்

நேற்று மாலை காபி கிளப்பில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், மண்டியில் தோல் தரம் பிரிக்கும் கபூர், பள்ளிக்கூடத்து வாத்தியார் தேவசகாயம். வழக்கமாக வரும் நாலாவது ஆள் ஏகாம்பரம் வரவில்லை. நாங்கள் பார்த்த அதே படத்தை இன்னொரு தடவை பார்க்க அவர் அரக்கோணத்துக்கு ரயில் ஏறிவிட்டார் என்று கேள்வி.

பேச்சு அந்தப் படத்தைப் பற்றித்தான். வேலூரில் ஓடி முடிந்து இப்போது அரக்கோணத்துக்குப் போயிருக்கும் டாக்கி. "பாட்டு ஜாஸ்தி, கதை கம்மி" என்றார் கபூர். கதாநாயகிக்குத் தன் பெரியம்மா வயது இருக்கும் என்றார் தேவசகாயம். நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சண்டையில் கத்தி வளைந்துபோனதைச் சொன்னேன். வாத்தியார் வளையவில்லை என்றார். "வளைஞ்சுது வாத்தியாரே, நானும் பாத்தேன்" என்றார் கபூர். "சரி, வளைஞ்சிருக்கும்" என்று வாத்தியார் காபியை ஆற்றிக் குடித்தார். அவ்வளவுதான். விஷயம் முடிந்துவிட்டது.

நான்தான் காசை மேஜையில் வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். ஒரு படத்தைப் பற்றி இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்கு அப்படித்தான். யாராவது என் பக்கம் திரும்பி "நீ சொல்லுப்பா" என்று கேட்டுவிடுவார்களோ என்று இருக்கும். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்தால் பரவாயில்லை. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் என் கல்யாணம் அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

ரொம்பப் பழைய காலம் ஒன்றும் இல்லை. படம் பேசத் தொடங்குவதற்குச் சற்று முன்னால். ஆம்பூரில் பாலாற்று மணலை ஒட்டி வருஷா வருஷம் டென்ட் கொட்டகை வந்து இறங்கும். நடுவில் இரண்டு கம்பங்களுக்கு இடையே பெரிய வெள்ளைத் துணி. ஆட்டம் தொடங்குமுன் ஓர் ஆள் ஏணி போட்டு ஏறி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி அதை நனைப்பான். புது வேட்டியின் கஞ்சி முதல் துவைப்பில் இளகும்போது ஒரு மணம் வருமே, அந்த மணம் கொட்டகை முழுக்கப் பரவும். இப்போதும் வீட்டுக் கொடியில் ஈரவேட்டி தொங்கினால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் கொடுக்கிறார்கள்.

துணியை நனைப்பது வெளிச்சம் ஊடுருவுவதற்காக. ஏனென்றால் துணிக்கு இந்தப் பக்கமும் ஆட்கள் இருப்பார்கள், அந்தப் பக்கமும் இருப்பார்கள். இந்தப் பக்கத்தில் நாற்காலி, பெஞ்சு, மணல் தரை என்று மூன்று வகுப்பு. அந்தப் பக்கம் மணல் மட்டும்தான், டிக்கெட்டும் மலிவு. யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் படிக்கத் தெரிந்தவர்கள் கம்மி. ஆனால் எல்லாருக்கும் தெரியும். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் ஊரில் ஷாப்பு என்று பெயர். ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி ரோமம் கழிக்கிறவர்கள், பச்சைத் தோலில் சதை சீவுகிறவர்கள், அவர்களுடைய வீட்டார், எல்லாரும் அந்தப் பக்கம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை விடாது. தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறவர்கள் மேலேயும் வாடை உண்டு, ஆனால் அது நாட்டு மருந்துக் கடை வாசனை. அதனால் அவர்கள் இந்தப் பக்கத்து மணலில் உட்காரலாம்.

என் அப்பாவுக்குப் பட்டை இடிக்கும் கொட்டடியில் வேலை. ஏழுமலை மாமா சுண்ணாம்புக் குழி. இரண்டு பேருக்கும் ஒரே ஷாப்பு, ஒரே தெரு. மாமா என் அம்மாவுக்குத் தம்பி முறை. கொட்டகையில் மட்டும் நடுவில் ஓர் ஈரத்துணி. "பின்பக்கம்" என்ற வார்த்தையை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "அந்தப் பக்கம்" என்பார்கள். மாமாவின் வீட்டில் பேசும்போது நாங்கள்தான் அந்தப் பக்கம்.

அவருடைய பெண் கன்னியம்மாளை எனக்குப் பேசி வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். நான் எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் என்பதால் ஷாப்பு முதலாளி சாயபு என்னை ஆபீசில் உட்கார வைத்திருந்தார். உட்கார வைத்தார் என்று கௌரவமாகச் சொல்கிறேன், பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வேலை. கட்டிய தோல் கட்டுகளின் மேல் மர முத்திரையால் ஷாப்பின் பெயரைக் குத்த வேண்டும். முத்திரையில் எழுத்துகள் எல்லாம் திரும்பி நிற்கும். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு நேர் எழுத்தும் திரும்பிய எழுத்தும் ஒன்றுபோலப் பழகிவிட்டன. இதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்சத்தில் தெரியும்.

எங்கள் ஊரில் படம் பார்த்துவிட்டு வந்தவர்களின் பேச்சே தனி. கதாநாயகி அழுதாளா, வில்லன் செத்தானா என்பதெல்லாம் பிறகு. முதலில் தோல். ராஜா இடுப்பில் கட்டியிருந்த வார் எந்தத் தோல், மந்திரியின் செருப்பில் பட்டை போதுமான அளவு ஏறியிருக்கிறதா, இதைத்தான் மறுநாள் ஷாப்பில் தொட்டிக்குத் தொட்டி பேசுவார்கள். காதலி மலையிலிருந்து விழும் கட்டத்தில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒருவர் "செருப்பு அறுந்துது பாரு, தையல் சரியில்ல" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் வந்தது ஒரு ராஜகுமாரன் படம். காட்டில் வேட்டைக்குப் போனவன் ஒரு வணிகனின் மகளைப் பார்த்து, அப்பனோடு சண்டை போட்டு, கடைசியில் அவளையே கட்டிக்கொள்கிறான். நடுநடுவே எழுத்துகள் வரும். இந்தப் பக்கத்தில் ஒருவர் நின்று அதைச் சத்தமாகப் படித்துக் கதை சொல்வார். முடிவில் பெரிய கல்யாண விருந்து.

நிச்சயம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். இலை போட்டு அவரும் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தம் ஆன பிறகு என்ன பேசுவது என்று இரண்டு பெரியவர்களுக்கும் தெரியவில்லை. அதற்கு முன் வருஷக்கணக்காகப் பேசியவர்கள்தான். கடைசியில் மாமாதான் ஆரம்பித்தார்.

"படம் பாத்தியா மாமா? எப்டி?"

"நல்லாத்தான் கீது" என்றார் அப்பா. "குதிரை மேல உக்காந்தவன்தான் தோல் கட்டு மேல உக்காந்தாப்ல உக்காந்தினு கீறான்."

"சேணம் புதுசு மாமா. பதம் வரல. வழுக்கும்."

"அதான் நானும் நெனச்சேன்."

இதுவரை எல்லாம் சுகம். நானும் நிம்மதியாக ரசம் ஊற்றிக்கொண்டேன்.

"எல்லாம் சரி, அந்தக் கல்யாண விருந்துலதான் எனக்கு மனசு வுட்டுப் போச்சு" என்றார் மாமா. "ராஜா வூட்டுப் புள்ள. அத்தினி பேரு எதுக்க பீச்சாங்கையால துன்றான். பெத்தவங்க சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்களா?"

அப்பா வாய்க்குக் கொண்டுபோன சோற்றை நிறுத்தினார். "யாரு பீச்சாங்கையால துன்னது?"

"ராஜகுமாரன்தான்."

"சோத்தாங்கையாலதான துன்னான். மோதிரம் போட்ட கை."

"மோதிரம் போட்ட கைதான். அது பீச்சாங்கை."

"நீ வேற படம் பாத்தியா ஏழுமல?"

"ஊர்ல ஓடுறது ஒரு படம்தான மாமா."

அம்மா குறுக்கே வந்தாள். "எந்தக் கையால துன்னா இன்னா, அவன் வூட்டுச் சோறு. இங்க கீற சோத்தத் துன்னுங்க."

அவர்கள் கேட்கிற நிலையில் இல்லை. இரண்டு பேரும் தங்கள் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். அப்பாவின் கையிலிருந்து பருக்கை என் தோளில் விழுந்தது.

"அப்ப எனக்கு எது சோத்தாங்கை, எது பீச்சாங்கைன்னு தெர்லன்ற" என்றார் மாமா.

"தெரிஞ்சா இப்டிப் பேசுவியா? சுண்ணாம்புல நின்னு நின்னு உனுக்குக் கண்ணு பூத்துப் போச்சு."

அப்பா கேலியாகத்தான் சொன்னார். ஆனால் சம்பந்தி வீட்டு இலையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது. மாமா கையை இலையிலிருந்து எடுத்துவிட்டார். 

"மாப்ள படிச்சவரு" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல். "அவரு சொல்லட்டும். அவரு வாயால பீச்சாங்கை இல்லன்னு சொன்னா நான் ஒத்துக்கறேன். அப்புறம் மத்ததப் பேசிக்கலாம்."

மத்தது என்றால் கல்யாணம்.

எனக்கு உண்மை தெரியும். ஒரு தடவை இடைவேளை முடிந்து படம் மறுபடி தொடங்கும்போது நான் துணிக்கு அந்தப் பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறேன். அங்கே எழுத்துகள் என் முத்திரையில் இருப்பதுபோலத் திரும்பி நின்றன. எழுத்து திரும்பினால் கையும் திரும்பும். படிக்கத் தெரிந்தவன் அங்கே உட்கார்ந்தால் முதல் எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். ஆனால் அங்கே உட்கார்ந்த யாருக்கும் எழுத்து தெரியாது. அவர்களுக்கு எழுத்து நேராக நின்றாலும் திரும்பி நின்றாலும் கோடுதான். ஆக, அப்பா சொன்னதும் சரி, மாமா பார்த்ததும் சரி. ஆனால் இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நீங்கள் உட்கார்ந்த இடம் தப்பான இடம், இத்தனை வருஷமாகக் காசு கொடுத்து எல்லாவற்றையும் தப்பாகவே பார்த்திருக்கிறீர்கள். பெண் கொடுக்கப்போகிற மனிதரிடம், மாப்பிள்ளை வாயிலிருந்து அது வரவேண்டுமா? சொல்லாமல் அப்பா பக்கம் பேசினால் மாமா பொய்யர். மாமா பக்கம் பேசினால் அப்பா குருடர்.

"நான் சரியா கவனிக்கல மாமா" என்றேன். "இன்னொரு தபா பாத்துட்டுச் சொல்றேன்."

"படிச்சவங்க பாத்துதான் சொல்லுவாங்க" என்று அவர் எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாளே இது ஷாப்புக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவில் எந்த விஷயமும் வீட்டுக்குள் தங்காது. சாப்பாட்டு வேளையில் பட்டைக் கொட்டடிக்காரர்கள் சுண்ணாம்புக் குழிக்காரர்களைப் பார்த்து "இன்னா மச்சான், இன்னிக்கு எந்தக் கை?" என்று கேட்டார்கள். "பட்டைத் தூசி கண்ணுல பூந்துச்சுன்னா சோத்தாங்கை என்னா, சோறே தெரியாது" என்று அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். புகையிலை மாற்றிக்கொள்வது நின்றது. சாயபு காதுக்கும் போய்விட்டது. அவர் ஆபீசுக்கு வந்து, "அரே, பெரிய பேஜாராப் போச்சு. அந்த ராஜா கையக் கழுவினானா இல்லையா, அதச் சொல்லு. கழுவினான்னா வுடு, போய் வேலயப் பாரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தீர்ப்பை யாரும் ஏற்கவில்லை.

எனக்கு இரண்டு கட்டுகளில் முத்திரை கோணலாக விழுந்தது. வீட்டுக்குப் போனால் அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "பந்தலுக்கு வெச்சிருந்த மூங்கில ஏழுமல வேற ஆளுக்குக் குடுத்துட்டானாம். ஆவணி வாணாம், தையில பாக்கலாம்னு சொல்லினு கீறானாம்." தை வரைக்கும் போனால் இந்தச் சம்பந்தம் நிற்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஒரு மாலை கிணற்றடியில் கன்னியம்மாள் எதிரே வந்தாள். குடத்தை இறக்கி வைக்காமலே நின்றாள்.

"எங்க நைனா சொல்றது நெசம்" என்றாள். "நானும் பாத்தேன். பீச்சாங்கைதான்."

எனக்கு இவளிடமாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "அது இன்னான்னா, அந்தப் பக்கம் உக்காந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பக்கம் உக்காந்தா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

"நீ எதுனா சொல்லு" என்றாள் அவள். "நேத்துலேர்ந்து அவரு சோறு துன்னல. எதுனா ஒண்ணு சொல்லிடு." குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் தோளில் வழிந்தது. துடைக்காமல் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நான் ஏன் சொல்ல வேண்டும்? மாமாவே இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால், அவர் கண்ணே அவருக்குச் சொல்லிவிடும். கொட்டகை அந்த வாரக் கடைசியில் பள்ளிகொண்டாவுக்குக் கிளம்புகிறது. கடைசி நாள் முதல் ஆட்டத்துக்கு மூன்று பெஞ்சு டிக்கெட் முன்கூட்டியே வாங்கினேன். நாங்கள் ஒருவரும் அதுவரை பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. படித்தவன் செய்யும் ஏற்பாடு எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது பார் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. மாமா வருவாரோ மாட்டாரோ என்று பயந்தேன். வந்தார். நீர் தெளித்து மடித்த வேட்டி. சந்தன சோப்பு போட்டுக் குளித்திருந்தார். அவர் வீட்டில் அந்த சோப்பு யாருக்கும் கிடையாது, எங்கே வாங்கினார் என்று தெரியவில்லை. அப்பாவும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எனக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் என்னுடையதைக் கிழித்தார், அப்பாவுடையதைக் கிழித்தார், மாமாவைப் பார்த்ததும் கை நின்றது.

"அண்ணாத்த, நீங்க அந்தப் பக்கம்தான?"

"பெஞ்சு டிக்கெட் இருக்குது" என்றேன் நான்.

"இருக்குது தம்பி, நான் இல்லன்னு சொல்லல" என்றார் அவர், குரலைத் தணித்து. கெட்ட மனிதர் இல்லை. "பெஞ்சுல உக்காந்து கீறவங்க எழுந்து வந்து என்கிட்ட துட்டத் திருப்பிக் கேப்பாங்க. போன வாரம்கூட ஒரு ரகளை. என்னை இன்னா பண்ணச் சொல்ற?"

மாமா தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, கொட்டகையைச் சுற்றிப் போகும் வழியில் நடக்க ஆரம்பித்தார். அது வீட்டுக்குப் போகும் வழியும்தான். எந்த வளைவில் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியவில்லை.  எல்லாம் முடிந்துவிட்டது, நானே கூட்டிக்கொண்டு வந்து முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பா கிழித்த டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு டிக்கெட்காரரைக் கேட்டார்: "அந்தப் பக்கம் எவ்ளோ?"

"ஓரணா. உங்களுக்கு எதுக்கு?"

"மூணு குடு."

அதை வாங்கிக்கொண்டு அவர் கிட்டத்தட்ட ஓடினார். அறுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும் மனிதர் மணலில் ஓடுவது பார்க்க நன்றாக இருக்காது. "ஏழுமல, நில்லு. எனக்கு அந்தப் பக்கம் வழி தெரியாது" என்றார். மாமா நின்றார்.

அந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக் குழிக்காரர்கள் எங்களைப் பார்த்துத் திகைத்து, நகர்ந்து இடம் விட்டார்கள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கதை சொல்பவரின் குரல் துணிக்கு அப்பாலிருந்து தேய்ந்து வந்தது. எழுத்துகள் திரும்பி வந்தன. நான் அவற்றை வாசித்துக்கொண்டே, அப்பா ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று அவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்பாவுக்கும் எழுத்து தெரியாது. வேட்டை வந்தது, சண்டை வந்தது, விருந்து வந்தது. ராஜகுமாரன் மோதிரக் கையால் சோற்றைப் பிசைந்தான். இடது கை. மாமா படத்தைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு துணியின் ஓரத்தை, அதற்கு அப்பால் பெஞ்சுப் பக்கத்து வெளிச்சத்தை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா ஏழுமல" என்றார். "பீச்சாங்கைதான்."

"நான்தான் சொன்னனே மாமா."

"சொன்ன. நான்தான் கேக்கல." துணியைக் காட்டி, "அவன் செருப்பு இன்னா தோலு, பாரு" என்றார்.

"ஆட்டுத்தோலு. ஊற வெச்சது பத்தல."

"பட்டையும் பத்தல" என்றார் அப்பா. மாமா மடியிலிருந்து புகையிலையை எடுத்து நீட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, மாமா தன் சந்தில் திரும்பிய பிறகு, அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "நீ ஒண்ணும் சொல்லாத." அவருக்குப் புரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. மூங்கில் திரும்பி வந்தது. ஆவணியில் கல்யாணம் நடந்தது.

இப்போது கொட்டகைகளில் அந்தப் பக்கம் என்று ஒன்று கிடையாது. படம் பேச ஆரம்பித்ததும் திரைக்குப் பின்னால் சுவர் எழுப்பி, ஒலிப்பெட்டியை வைத்துவிட்டார்கள். ஓரணா டிக்கெட் போய்விட்டது. துணி நனைக்கும் ஏணி போய்விட்டது. ஊரே ஒரு பக்கமாக உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்க்கிறது. நல்லதுதான், கெட்டது என்று சொல்ல மாட்டேன். மாமாவை ஒரு தடவை டாக்கிக்கு அழைத்துப்போனேன். தரையில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். "பேச வந்துடுச்சு. ஆனா எல்லாரும் ஒரே மாதிரி சோத்தாங்கையால துன்றானுங்க, ஒருத்தனும் ஞாபகத்துல நிக்கல" என்றார். அப்புறம் வரவில்லை. கன்னியம்மாள் என் மகளுக்குச் சோறு ஊட்டும்போது இடது கையால் சாப்பிட்ட ராஜகுமாரன் கதையைச் சொல்கிறாள். நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். மகளுக்கு இப்போதுதான் அட்சரம் ஆரம்பித்திருக்கிறேன். அவள் அந்தக் கையைப் பற்றி என்னிடம் என்ன கேட்பாளோ என்று பயம்.

கல்யாணச் செலவை அம்மா ஒன்றுவிடாமல் வாயாலேயே ஒப்பிப்பாள், தேங்காய் முதல் மேளக்காரர் வரை. இதை மட்டும் அவள் சேர்த்ததில்லை, அவளுக்கு நாங்கள் சொல்லவில்லை. உட்காராத பெஞ்சு டிக்கெட் மூன்று, நாலணா வீதம். அந்தப் பக்கம் மூன்று, ஓரணா வீதம். பதினைந்து அணா.